பட்டணத்தில் ஜாதி ஒழிந்துவிட்டதா?

பிரசாரத்துக்கு எந்த ஊருக்குப் போனாலும், கூட்டம் முடிந்து விளக்கை அவிழ்க்கிற சமயத்தில் யாராவது ஒரு பெரியவர் அருகில் வந்து, "ஐயா, நீங்கள் சொல்லுவதெல்லாம் எங்களைப் போன்ற பட்டிக்காட்டுக்குச் சரி. பட்டணத்தில் யார் ஜாதி பார்க்கிறார்கள்? பையனைப் படிக்கவைத்து மெட்ராசுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் தன்னால் போய்விடும்" என்று சொல்லுவது வழக்கமாயிருக்கிறது. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த கனவான்களைக் கேட்டாலோ, அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "எங்கள் தெருவில் முப்பது வருஷமாய் இருக்கிறோம், ஜாதி என்ற பேச்சே எழுந்தது கிடையாது" என்று அடித்துச் சொல்லுகிறார்கள். இவ்விரு திறத்தாரும் வேண்டுமென்றே பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இருவரும் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் ஒருவன் கண்ணுக்குத் தெரிவது அவன் நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள். ஆகவே இவ்வாரம் சென்னைப் பட்டணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எந்தெந்தப் பேட்டையில் ஜாதி எந்தெந்த உடுப்பை உடுத்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்க்கலாமென்று நினைக்கிறோம்.

முதலில், பட்டணம் கிராமத்தைவிட எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவனைப் பார்த்து நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. கிளப்பில் ஒரே தம்ளரில்தான் எல்லாரும் காப்பி குடிக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் பட்டணத்துக் காற்றினால் தானாக வந்த சௌகரியம் என்று எவராவது எண்ணுவாரானால் அது பெரிய தவறு. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம் என்றிருந்தது இந்த மாகாணத்தில் 1941-ம் வருஷத்தில்தான், அதுவும் கிளர்ச்சி செய்த பிறகுதான் ஒழிந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரே ஒரு வார்த்தையை அழிப்பதற்கு 1957-ல் மறியல் தொடங்கி மாதக்கணக்கில் தொண்டர்கள் தினந்தினம் கைதாக வேண்டியிருந்தது. ஒரு பலகையிலிருந்து ஒரு வார்த்தையை எடுப்பதற்கே இவ்வளவு பாடென்றால், பலகையில் எழுதாமல் மனதில் எழுதி வைத்திருப்பதை எடுப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க, இந்தப் பட்டணம் ஜாதியில்லாமல் பிறந்து, பின்னால் கிராமத்தான் வந்து கெடுத்துவிட்டான் என்றும் சொல்லுவதற்கில்லை. 1639-ல் கும்பினிக்காரன் இடம் வாங்கிக் கோட்டை கட்டின காலத்திலேயே, கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று பிரித்தாகிவிட்டது. வெள்ளைக்காரன் நிறத்தைக் கொண்டு ஒரு கோடு கிழித்தான் என்றால், நம்மவர்கள் அந்தக் கறுப்பர் பட்டணத்துக்குள்ளேயே ஜாதியைக் கொண்டு ஒன்பது கோடு கிழித்துக்கொண்டார்கள். வலங்கைக்காரன் தெருவில் இடங்கைக்காரன் கலியாண ஊர்வலம் போகலாமா கூடாதா என்று 1707-ல் உண்டான கலகம், கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டு, பெத்தநாயக்கன்பேட்டை ஒருவருக்கு, முத்தியால்பேட்டை மற்றவருக்கு என்று தெருக்களைப் பங்கு போட்டுக் கொடுக்கும் அளவுக்கு வந்தது. சேரியோ இந்த இரண்டிலும் சேராமல் தனியே கிடந்தது. பின்னால் கறுப்பர் பட்டணம் என்ற பெயர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று மாறிற்று. பெயர் மாறியதே தவிர, 'தெருவைப் பார்த்து ஆளைச் சொல்லு' என்ற வழக்கம் மாறவில்லை.

பிறகு 1921-ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நடந்தது என்ன? ஒரே மில்லில், ஒரே சங்குக்கு எழுந்து வேலைக்குப் போன தொழிலாளிகள் ஜாதி இந்து என்றும் ஆதிதிராவிடர் என்றும் இரண்டுபட்டு, குடிசைகள் கொளுத்தப்பட்டு, அங்கிருந்த ஆதிதிராவிட மக்கள் வியாசர்பாடியில் போட்ட முகாமுக்குப் போக நேர்ந்தது. ஒரே கூலி வாங்குவது ஜாதியை ஒழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு சங்கதியை மறக்கக்கூடாது. பேட்டை பேட்டையாய் மனிதர்கள் பிரிந்து கிடப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சரித்திரம் இருக்கிறதே ஒழிய, அவரவர் இஷ்டப்பட்டுப் போய் அங்கங்கே உட்கார்ந்துகொண்டார்கள் என்று சொல்லுவது சுத்தப் புரட்டு.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம்.

மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளில் வீடு தேடிப் போகிறவனுக்கு ஜாதி எப்படி எதிர்ப்படுகிறது? நேரே எதிர்ப்படுவதில்லை. 'சைவ உணவினருக்கு மட்டும்' என்ற சிறு சீட்டு ரூபத்தில் வாசற்படியில் தொங்குகிறது. இது அந்தப் பகுதிகளோடு நிற்பதுமில்லை, அந்த ஜாதியோடு நிற்பதுமில்லை. நமக்கே நேர்ந்ததைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு குடியிருக்க இரண்டு அறையுள்ள ஒரு வீடு தேடி அலைந்தோம். பதினொரு வீடு பார்த்தோம். வாடகை பிடித்தது, முன்பணம் பிடித்தது, தண்ணீர் வசதியும் பிடித்தது. கடைசியில் ஒரு வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு, "சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே, நீங்க எந்த ஆளுங்க?" என்றார். "எங்களுக்கு ஜாதி கிடையாது, ஐயா" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஜாதி கிடையாதுன்னு சொல்றவங்க எந்த ஆளுங்கன்னு எங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார். மறுநாள் தரகர் போன் செய்து, வீட்டுக்காரரின் மைத்துனர் குடிவருவதாகச் சொன்னார். அந்த மைத்துனர் வந்த பாடில்லை. வாடகைக்கு விடப்படும் என்ற பலகை இரண்டு மாதம் அங்கேயே தொங்கியதை நாம் நாள்தோறும் அந்த வழியாய்ப் போகும்போது பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் பார்ப்பனரும் அல்ல, படிக்காதவரும் அல்ல. முஸ்லிம் பெயருள்ள நமது நண்பர் ஒருவருக்கோ மாடிப்படி வரை ஏறுகிற சிரமம்கூட வைப்பதில்லை. போனில் பெயரைச் சொன்ன உடனேயே வீடு 'போய்விடுகிறது'.

இதிலிருந்து வடசென்னைப் பக்கம் வருவோம். வியாசர்பாடியில் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவரிடம் ஜாதிக் கொடுமையைப்பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் எங்க பேட்டையில கிடையாது தம்பி. எவன் எங்களைக் கேக்கறான்?" என்பார். அவர் சொல்லுவது முழு உண்மை. அவர் தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் அவரைப் போன்றவர்களே. கடைக்காரன் தெரிந்தவன், டீக்கடைக்காரன் தெரிந்தவன், வீட்டுக்காரனும் உறவு. காலையிலிருந்து இரவு வரை அவரை ஒருவன் ஒரு வார்த்தை இழிவாய்ப் பேச வழியில்லை. ஆனால் அந்த வடசென்னையில் மழை பெய்தால் தண்ணீர் எத்தனை நாள் தேங்குகிறது? பட்டணத்துக் குப்பையின் பெரும்பங்கு எந்தக் கொடுங்கையூரில் மலையாய்க் குவிந்திருக்கிறது? அனல் மின் நிலையங்களின் சாம்பல் எந்த எண்ணூர் ஓடையில் கலக்கிறது? 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எந்த மீன்பிடிக்காரன் வலையிலும் படகிலும் படிந்தது? தென்புறத்தில் பெருங்குடியிலும் குப்பைமேடு உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனால் சாம்பலும் எண்ணெயும் குப்பையும் துறைமுக லாரியும் எல்லாம் ஒரே திசையில் வந்து சேருவது தற்செயல் என்று சொன்னால் நம்புவதற்கு நாம் தயாராயில்லை. அங்கே ஜாதி வாயைத் திறந்து பேசுவதில்லை. சாக்கடையாகவும் தூசியாகவும் வந்து மூக்கில் ஏறுகிறது. அதை யாரும் ஜாதி என்று சொல்லாததால் அந்தப் பெரியவரும் சொல்லுவதில்லை.

அந்தப் பெரியவருடைய மகள் படித்துத் தேறி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். தினம் போக வர நாலு மணி நேரம் ஆகிறதென்று அந்தப் பக்கத்திலேயே வீடு தேடினாள். நாம் பார்த்த அதே நாடகத்தை அவளும் ஒரு மாதம் பார்த்தாள். "சொந்த ஊர் எது? மெட்ராசா? மெட்ராசில் எங்கே? வியாசர்பாடியா? சரி, சொல்லியனுப்புகிறோம்." அவ்வளவுதான். ஜாதிப் பெயர் கேட்கப்படவில்லை, பேட்டைப் பெயரே போதுமானதாயிருந்தது. ஒருநாள் அவள் தன் தகப்பனாரிடம், "நம்ம பேட்டையில இல்லாத ஜாதி இங்க மட்டும் எங்கிருந்துப்பா வந்துச்சு?" என்று கேட்டாளாம். அவருக்குப் பதில் தெரியவில்லை. நம்மிடம் வந்து சொன்னார்.

அதற்குப் பதில் இதுதான். சுங்கச்சாவடி இருக்கிற இடத்துக்குப் போகாதவன் சுங்கம் கொடுப்பதில்லை. அதனால் சாவடியே இல்லையென்று ஆகிவிடாது. அந்தப் பெண் அதைத் தாண்டப் போனாள், பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் வாழ்நாள் முழுவதும் இந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார், ஆகவே சாவடி அவர் கண்ணில் படவில்லை.

இதைவிடக் கஷ்டமான ஒரு நிலை பட்டணத்தின் தென்கோடியில் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைகளை எடுத்து, அந்த மக்களை 2000-ம் வருஷம் முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும், அதன் பிறகு பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தைக் காரணமாகக் காட்டி மேலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அனுப்பினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். இது ஒரு தாலூக்காத் தலைநகரத்துக்குச் சமானமான ஜனத்தொகை. பட்டணத்தின் மத்தியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம். ஓலைக்குப் பதில் காங்கிரீட் கிடைத்தது உண்மை. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி சென்னையில் ஆதிதிராவிடர் நூற்றுக்கு சுமார் 17 பேர் என்றிருக்க, குடிசைப் பகுதிகளில் அவர்கள் விகிதம் அதைவிட வெகு அதிகம். அப்படியானால் குடிசைகளையெல்லாம் ஒன்றாய்த் திரட்டி ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் வைப்பது என்பதற்கு அர்த்தம் என்ன? கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வாய்க்காலோ வயலோ இருக்கும். பட்டணத்தில் 20 கிலோமீட்டரும் ஒரு பஸ் டிக்கட்டும் இருக்கிறது. இதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அறிவாளிகள் நமக்கு எடுத்துச் சொல்லட்டும்.

அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு முகவரியே ஜாதியாகிவிட்டது. வேலைக்கு மனுப்போடும்போது கண்ணகி நகர் என்று எழுதாமல், துரைப்பாக்கம் என்று மட்டுமோ, பழைய வீட்டு விலாசத்தையோ எழுதுகிற பிள்ளைகள் உண்டு. ஏனென்றால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எதிரில் இருக்கிறவர் முகம் மாறுகிறது. இரவில் பைக்கில் வருகிற பையனைப் போலீஸ்காரர் நிறுத்தி "எந்த ஏரியா?" என்று கேட்டால், அடையாறு என்று சொல்லுகிறவனுக்கு ஒரு மரியாதை, கண்ணகி நகர் என்று சொல்லுகிறவனுக்கு வேறு மரியாதை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண்ணொருத்தி இருந்தாள் என்ற செய்தி வந்தபோது, அந்த ஜனங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடியதன் காரணம் தங்கம் மட்டும்தானா? தங்கள் ஊர்ப் பெயரை ஒருநாளாவது தலை நிமிர்ந்து சொல்ல முடிந்ததே என்பதுமல்லவா? ஒரு பேட்டைக்காரன் தன் பேட்டைப் பெயரைச் சொல்லுவதற்குத் தங்கப் பதக்கம் வேண்டியிருக்கிறதென்றால் அந்தப் பட்டணத்தில் ஜாதி ஒழிந்துவிட்டதென்று எப்படிச் சொல்லுவது?

இனி அதே சாலையில் உள்ள பெரிய அடுக்குமாடி வீடுகளுக்குள் போவோம். போவோமென்றால், காவல்காரர் விட்டால் போவோம். அங்கே குடியிருப்பவர் அநேகமாய் எல்லாரும் படித்தவர்கள். ஜாதியை வாயால் சொல்லவே கூச்சப்படுகிறவர்கள். கேட்டால், "எங்கள் காம்பவுண்டில் எல்லா ஜாதியும் இருக்கிறோம், யாரும் யாரையும் கேட்பதில்லை" என்பார்கள். சரி, காலையில் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் பெரும்பாக்கத்திலிருந்து வருகிற அம்மாள் எந்த லிப்டில் ஏறுகிறாள்? பல இடங்களில் அவளுக்கென்று தனி லிப்டு. அவள் பை வாசலில் சோதிக்கப்படுகிறது. எஜமானியம்மாள் வீட்டில் அவளுக்குத் தனித் தம்ளர் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த வீட்டு அடுக்களைதான் சொல்ல வேண்டும். கிராமத்து டீக்கடையில் இரட்டைத் தம்ளர் வைத்தால் பத்திரிகையில் வருகிறது, வழக்கும் வருகிறது. பதினாலாவது மாடியில் வைத்தால் யாருக்குத் தெரியும்?

தோழர்களே! இப்போது ஒரு அதிகாரி கையில் கணக்குப் புத்தகத்தோடு புறப்பட்டுப் பேட்டை பேட்டையாய்ப் போய், "உங்கள் தெருவில் ஜாதி வித்தியாசம் உண்டா?" என்று கேட்டு எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடிப் பெரியவர் 'இல்லை' என்பார். அடுக்குமாடிக்காரர் 'இல்லை' என்பார். வீடு தேடி அலைந்து, எப்படியோ ஒரு வீடு பிடித்து, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் மீன் வாங்கி வருகிற அந்தப் பெண் ஒருத்தி மட்டும் 'உண்டு' என்பாள். அதிகாரி என்ன முடிவு எழுதுவார்? அவள் குடியிருக்கும் தெருவில் மட்டும் ஜாதி இருக்கிறது, மற்ற இடமெல்லாம் சுத்தம் என்றுதானே எழுதுவார்? ஆனால் உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அவள் இருக்கும் தெருவில் கதவு கொஞ்சமாவது திறந்தது. அதனால்தான் உரசல். மற்ற இடங்களில் கதவு முழுக்கச் சாத்தியிருப்பதால் சத்தமில்லை. தீண்டப்படாதவன் நுழையாத கோயிலில் தீண்டாமைத் தகராறு எப்போதாவது நடந்ததுண்டா? அவன் படியேறின நாளில்தானே தகராறு? ஆகவே ஒரு தெருவில் புகார் இல்லை என்பது அந்தத் தெருவின் யோக்கியதைக்கு அத்தாட்சியாகாது. அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள், யார் யார் குடியிருக்கவில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகே அதன் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

இதற்குச் சிலர் சமாதானம் சொல்லுவார்கள். "இது ஜாதியில்லை, பண விஷயம். வாடகை கொடுக்க முடிந்தவனுக்கு எங்கும் வீடு கிடைக்கும்" என்பார்கள். பணம் ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமானால் டில்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் 2012-ல் செய்த ஆராய்ச்சிக்கு என்ன சொல்லுகிறார்கள்? வாடகை கொடுக்கக்கூடியவர்களாகவே ஆட்களைத் தேர்ந்து, உயர்ஜாதிக்காரர், தாழ்த்தப்பட்டவர், முஸ்லிம் என்ற வித்தியாசத்தோடு வீடு கேட்கச் செய்தார்கள். உயர்ஜாதிப் பெயருக்கு அநேகமாய் எல்லாக் கதவும் திறந்தது. தாழ்த்தப்பட்டவருக்குப் பல கதவு மூடிற்று, முஸ்லிமுக்கு அதைவிட அதிகமாய் மூடிற்று. போனில் கேட்டபோது மறுத்ததைவிட, நேரில் போய் நின்றபோது மறுத்ததே கூடுதல். ரூபாய்க்கு ஜாதி இல்லைதான். ஆனால் அதை நீட்டுகிற கைக்கு ஜாதி இருக்கிறதென்பது இதனால் விளங்கவில்லையா?

"என் வீடு, என் இஷ்டம்" என்பது இரண்டாவது சமாதானம். 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, எந்த இடத்திலும் ஒருவன் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றமென்று தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஜெயிலும் அபராதமும் உண்டு. ஆனால் எந்த வீட்டுக்காரராவது, 'நீ தீண்டத்தகாதவன், அதனால் வீடு இல்லை' என்று சொல்லுவாரா? மைத்துனர் வருகிறார் என்பார், பெயிண்ட் அடிக்கிறோம் என்பார், கறி வாசம் ஒத்துக்கொள்ளாது என்பார். சட்டம் வாயைப் பிடிக்கும், மனதைப் பிடிக்குமா? முஸ்லிமுக்கோ இந்தச் சட்டத்தின் துணையும் கிடையாது. அன்றியும் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஆமதாபாத்திலுள்ள பார்சிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே அங்கத்தினராய்ச் சேர்ப்பது செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனவே சட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை.

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைச் சொல்லவேண்டுமென்றுதான் இந்தத் தலையங்கமே எழுதத் தொடங்கினோம். நமது கூட்டத்துக்குத் தலைமை வகித்து, ஜாதியைக் கிழி கிழியென்று கிழித்துப் பேசி, கைதட்டல் வாங்கிய ஒரு தோழருக்குப் பட்டணத்தில் மூன்று குடித்தன வீடு இருக்கிறது. அந்த வியாசர்பாடிப் பெண்ணுக்காக நாம் அவரிடமே போய்க் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கென்னங்க ஆட்சேபணை? வீட்டில் பெண்டுகள் ஒப்பமாட்டார்கள். மற்றக் குடித்தனக்காரர்களும் காலி செய்துவிடுவார்கள். அக்கம்பக்கம் பார்க்க வேண்டாமா?" என்றார். தோழர்களே! இந்த அக்கம்பக்கம் என்பது யார்? அவருக்கு அக்கம்பக்கம் அடுத்த வீட்டுக்காரர். அடுத்த வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கம் இவர். ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு தெரு முழுவதும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பார்ப்பானைத் திட்டுவதற்கு மேடை ஒன்று போதும். ஜாதியை ஒழிப்பதற்குத் தன் வீட்டுச் சாவி வேண்டும். அந்தச் சாவியைக் கொடுக்காதவன் எத்தனை மேடை ஏறினாலும் அந்தப் பெண்ணுக்கு அதனால் ஆன லாபம் என்ன?

ஆகையால் நாம் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியமல்ல. வாடகைக்கு விட வீடுள்ள ஒவ்வொரு தோழரும், வருகிறவரிடம் வாடகை கொடுப்பாரா, வீட்டை வீடாய் வைத்திருப்பாரா என்ற இரண்டை மட்டும் விசாரித்து, மூன்றாவது கேள்வியை நாக்கிலும் மனதிலும் எடுக்காமலிருக்க வேண்டும். தரகரிடமும் அப்படியே கண்டிப்பாய்ச் சொல்லிவிட வேண்டும். அடுக்குமாடிச் சங்கத்தில் அங்கத்தினராயிருப்பவர்கள் தனி லிப்டு விதியை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும். பெரும்பாக்கத்துப் பிள்ளை வேலை கேட்டு வந்தால் விலாசத்தைப் பாராமல் வேலையைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். குடித்தனக்காரராய் இருப்பவர்களோ, புதிதாய் வருகிறவர் யார் என்று மூக்கை நீட்டாமலிருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வீட்டுக்காரர் அஞ்சுகிற அக்கம்பக்கம் அவர்கள்தானே!

அரசாங்கத்தாருக்கும் ஒன்று சொல்லுகிறோம். 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் இழிவைக் குறிப்பதாய் ஆகிவிட்டபடியால் அதை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். அது பாராட்டத்தக்கதே. ஆனால் பெயரை நீக்குவது எளிது, பெயருக்குள்ளிருக்கிற பிரிவினையை நீக்குவதுதான் காரியம். 1997-ல் இதே நாட்டில் சமத்துவபுரம் என்றொரு திட்டம் தொடங்கி, நூறு வீட்டில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகப் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று கலந்து குடியேற்றினார்கள். கிராமத்துக்குக் கலப்பு நல்லதென்று கண்ட அதே அரசாங்கம் பட்டணத்தில் மாத்திரம் ஏன் ஏழைகளைத் தனியே பிரித்து ஊர்க்கோடியில் குவிக்க வேண்டும்? இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடத்துக்கே போவார்கள், பெண்கள் பழைய வேலைக்கே போவார்கள், முகவரியும் பழைய முகவரியாகவே இருக்கும். ஆற்றங்கரை ஆபத்தானதென்றால் பக்கத்துத் தெருவில் இடம் தேடுவதல்லவா முறை? நிலத்தின் விலை அதிகம் என்கிறார்கள். மனிதனை ஊருக்கு வெளியே வைப்பதன் விலை என்னவென்று யாராவது கணக்குப் போட்டதுண்டா?

கிராமத்துப் பெரியவர்களுக்கு நாம் வணக்கமாய்த் தெரிவித்துக்கொள்ளுவது என்னவென்றால், பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அங்கே ஜாதி இல்லை என்று சொல்லி அனுப்பாதீர்கள். அப்படிச் சொல்லி அனுப்பினால், முதல் வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்போது குற்றம் தன்மேல்தான் என்று அந்தப் பிள்ளை எண்ணி மனம் ஒடிந்து போகும். இருக்கிறது, தெருவுக்குத் தெரு வேறு வேறு வேஷத்தில் இருக்கிறது, அதைக் கண்டால் வெட்கப்பட வேண்டியது நீயல்ல என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் வீடு கிடைத்தது. கொடுத்தவர் எந்த இயக்கத்தையும் சேராத ஒரு விதவையம்மாள். "வாடகையை அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடும்மா" என்று கேட்டதைத் தவிர வேறொன்றும் அவர் கேட்கவில்லையாம். மேடை ஏறத் தெரியாத அந்த அம்மாளுக்கு முடிந்தது, மேடை மேடையாய் ஏறுகிற நமக்கு ஏன் முடியவில்லை என்பதை ஒவ்வொரு தோழரும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.